இரண்டாவது ரைடர் எங்கே?

ஏலத்தில் கோடிகளைக் கொட்டியும் தமிழ் தலைவாஸ் கரையேறாதது ஏன்? கும்மிடிப்பூண்டி ஆலை வாசல்களில் கொதிக்கும் கபடி ரசிகர்களின் கோபம்

இரவு எட்டு மணி ஆட்டம் சி ஷிஃப்ட்காரர்களுக்குச் சொந்தம். பத்து மணிக்கு ஆலைக்குள் நுழைய வேண்டியவர்கள் ஏழே முக்காலுக்கே குளித்து, சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் போகும் சாலையோரம் இருக்கும் அந்தக் கடையில் ஒரு பழைய டி.வி. உண்டு. புரோ கபடி நடக்கும் மாதங்களில் அதில் வேறு எதுவும் ஓடாது. பி ஷிஃப்ட்காரர்கள் பாவம், அவர்கள் பத்து மணிக்கு வெளியே வந்து, “என்னாச்சு?” என்று கேட்கத்தான் முடியும். பதிலை யாரும் வாயால் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

நான் போயிருந்த இரவு தமிழ் தலைவாஸ் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஏறத்தாழ முப்பது பேர். பாதிப் பேர் கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்துப் பையன்கள். மீதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இரும்பு உருக்கும் ஆலைகளிலும் கம்பி இழுக்கும் ஆலைகளிலும் வேலை செய்பவர்கள். பீகார்காரர்களின் அணி பாட்னா பைரேட்ஸ். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீசன் என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பையைத் தூக்கிய அணி. அந்தத் தெம்பில், நம் அணி ஆடும்போது அவர்கள் நமக்காகவும் கை தட்டுகிறார்கள். அதுதான் நம் பையன்களுக்குத் தாங்கவில்லை.

ஆட்டம் இருபது நிமிடத்தைத் தொட்டபோது தலைவாஸின் முதன்மை ரைடர் பிடிபட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அடுத்த ரைடு வெறும் ரைடு. அதற்கடுத்ததும் வெறும் ரைடு. மூன்றாவது ‘டூ ஆர் டை’. ஒரு புள்ளியாவது எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் போனவர் அவுட். கடையில் பேச்சு நின்றுவிட்டது. வடை சட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போனவர் வலது மூலையை நோக்கி இரண்டு முறை காலை நீட்டினார், திரும்பினார், மாட்டிக்கொண்டார்.

என் பக்கத்தில் நின்றிருந்த இளைஞர், ஒரு ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நம்ம ஆளு ரைடு போறப்ப எதிர் டீமுக்குப் பயம் வரணும்ண்ணா. இங்க எனக்குத்தான் வயித்தக் கலக்குது” என்றார். முப்பது பேரின் கோபமும் அந்த வாக்கியத்தில் இருந்தது.

எட்டு சீசன், ஒரே கதை

தமிழ் தலைவாஸ் 2017இல், புரோ கபடி லீகின் ஐந்தாவது சீசனில் களத்துக்கு வந்தது. சடுகுடு பிறந்த மண் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் மாநிலத்துக்கு லீக் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் ஓர் அணி கிடைத்தது. எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? கேப்டன் அஜய் தாக்கூர். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானுக்கு எதிராக இந்தியா தடுமாறி நின்றபோது 12 புள்ளி எடுத்துக் கரைசேர்த்தவர். தவளை மாதிரி எம்பிப் பிடிக்காரர்களின் தலைக்கு மேல் தாவுவார். அதைப் பார்ப்பதற்காகவே பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்குக்குப் போனவர்கள் உண்டு.

அந்த சீசனில் அஜய் ரைடில் எடுத்த புள்ளிகள் 200ஐத் தாண்டின. அடுத்த சீசனிலும் தாண்டின. இரண்டு முறையும் தலைவாஸ் தன் மண்டலத்தில் கடைசி இடம்.

இந்த இரண்டு தகவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் முன்னணி ரைடர்களில் ஒருவர் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அணி அடியில் கிடக்கிறது. கோளாறு எங்கே என்பதை அன்றே கண்டுபிடித்திருக்கலாம். நிர்வாகம் என்ன செய்தது? 2019 ஏலத்தில் இன்னொரு பெரிய ரைடரை வாங்கியது. தெலுங்கு டைட்டன்ஸின் செல்லப்பிள்ளையாக இருந்த ராகுல் சௌதரி, 94 லட்சம் ரூபாய். அஜய்யும் ராகுலும் ஒரே அணியில்! அந்த ஏழாவது சீசனின் முடிவில் 22 ஆட்டங்களில் 4 வெற்றி, 15 தோல்வி. 12 அணிகளில் 12ஆவது இடம். பாதி வழியில் பயிற்சியாளரும் மாறினார்.

எட்டாவது சீசன் கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாமல் பெங்களூரில் நடந்தது. மஞ்சீத்துக்கு 92 லட்சம், கே. பிரபஞ்சனுக்கு 71 லட்சம். பிடியில் சுர்ஜீத் சிங், சாகர் ராத்தி என்று நல்ல ஆட்கள் இருந்தார்கள். பிடி பிரமாதமாகவே இருந்தது. ஆனாலும் 22 ஆட்டங்களில் வென்றது 5. அதைவிட வலித்த எண் ஒன்று உண்டு. 6 ஆட்டங்கள் டையில் முடிந்தன. ஒரு ஆட்டம் டையாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரே சீசனில் ஆறு முறை என்றால், கடைசி நிமிடங்களில் ஒரு புள்ளியைப் பறித்துவர ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

உட்கார்ந்திருப்பவரை எழுப்புவது யார்?

கபடி தெரியாதவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் ரைடரைத் திட்டுவதில் பிரயோசனமில்லை.

கிரிக்கெட்டில் அவுட்டானவர் போய்விட்டார், அந்த இன்னிங்ஸில் அவர் கதை முடிந்தது. கபடியில் அப்படியில்லை. அவுட்டானவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறார். அவர் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் அவர் மறுபடி உள்ளே வருவார். அதாவது ஒரு பெரிய ரைடர் எத்தனை நிமிடம் களத்தில் நிற்கிறார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. அவர் வெளியே இருக்கும்போது மற்ற ஆறு பேரும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. போனஸ் புள்ளி எடுத்தாலும் அவர் உள்ளே வர முடியாது. ஒன்று யாரையாவது தொட்டுவிட்டு வர வேண்டும், அல்லது எதிரணி ரைடரை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஓர் ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரைடுக்கு 30 விநாடி. முதன்மை ரைடர் வெளியே போய் உட்கார்ந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு வெறும் ரைடு, மூன்றாவதில் ஒரு டூ ஆர் டை, அதிலும் ஆள் காலி என்று நடந்தால், எதிரணி ரைடுகளையும் சேர்த்து மூன்று நிமிடம் போய்விடும். அந்த மூன்று நிமிடத்தில் களத்தில் இருப்பவர்கள் ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று தேய்கிறார்கள். கடைசியில் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. அதற்குப் பிறகுதான் நம் நாயகன் மற்ற ஆறு பேரோடு எழுந்து உள்ளே வருகிறார். அதற்குள் பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கிறோம். அவர் கோடு தாண்டும் ஒவ்வொரு ரைடும் வாழ்வா சாவா ரைடாகிறது. அவசரத்தில் மாட்டுகிறார். டி.வி. முன்னால் நாம் கத்துகிறோம்.

அமெரிக்கர்களின் ஃபுட்பாலில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள் எதிரிகளை முட்டித் தள்ளி வழி திறந்தால்தான் அவர் ஓட முடியும். வழி திறக்காவிட்டாலும் திட்டு வாங்குவது ஓடியவர்தான். அங்கேயும் ரசிகர்கள் அவரைத்தான் பிடித்துக் காய்ச்சுகிறார்கள். தனியாகத் தெரிபவன் தலையில் பழி விழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

எங்கள் டீக்கடையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமலில்லை. பாதிப் பேர் ஊரில் கபடி ஆடியவர்கள். சத்தம் அடங்கிய பிறகு பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. “மெயின் ரைடர் மாட்டறது சகஜம். அவன எழுப்ப ஒரு செகண்ட் ரைடர் வோணும். நம்ம டீம்ல அது எப்பவுமே காலி இடம்.” நாற்பதைத் தாண்டிய ஒரு கிரேன் ஆபரேட்டர் சொன்னது இது. ஒரு காலத்தில் இடது மூலை நின்றவர். அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2 கோடியே 26 லட்சம்

2022, ஒன்பதாவது சீசன். லீகின் வரலாற்றில் அதுவரை இல்லாத விலைக்கு பவன் செஹ்ராவத்தை தலைவாஸ் வாங்கியது. 2 கோடியே 26 லட்சம். அந்தச் செய்தி வந்த நாளில் சிப்காட் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பவன்தான் என்கிறார்கள்.

அக்டோபர் 8. பெங்களூரில் குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே எதிரணி ரைடர் ஒருவரைப் பிடிக்கப் போய் பவனின் முழங்கால் திரும்பியது. தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுவதும் அவர் திரும்பவில்லை. அந்த ஆட்டம் 31க்கு 31 என்று டை ஆனது. பவன் பிடிக்கப் பாய்ந்த அந்த குஜராத் ரைடர் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். நம் தமிழ்நாட்டுக்காரர். அந்த சீசனில் குஜராத்தின் கேப்டன்.

எல்லாம் போச்சு என்று நினைத்தோம். தொடக்க ஆட்டங்கள் அப்படித்தான் போயின. பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது. நரேந்தர் என்ற அறிமுக வீரர். பெயர் சொன்னால் பக்கத்து அணிக்காரருக்கே தெரியாத பையன். அந்த ஒரு சீசனில் ரைடில் 243 புள்ளி எடுத்தார். ஓர் அறிமுக ரைடர் அதுவரை எடுக்காத எண்ணிக்கை. அவர் மாட்டினால் அஜிங்க்யா பவார் போனார். அஜிங்க்யா தடுமாறினால் ஹிமான்ஷு போனார். பின்னால் சாகர், சாஹில் குலியா, நம்ம ஊர் அபிஷேக் என்று இளம் பிடிக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் எழுப்பினார்கள். பிளே ஆஃபில் யூபி யோத்தாஸுக்கு எதிராக 36க்கு 36 டை. டை பிரேக்கரில் வென்றோம். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37க்கு 39, இரண்டே புள்ளியில் தோல்வி.

தலைவாஸ் இதுவரை எட்டிய உச்சம் அதுதான். வாங்கிய விலைமதிப்புள்ள ரைடர் ஒரு ஆட்டத்தின் பாதிகூட ஆடாத சீசனில்! பவன் மீது குறை சொல்லவில்லை. அவர் அபாரமான ஆட்டக்காரர், காயம் அவர் தவறும் இல்லை. ஒரே ஆளை நம்ப முடியாத நிலை வந்ததும் அணி தன்னால் ஓர் அணியாக மாறியது. அதிலிருந்து பாடம் படித்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வெளியூரில் விளைந்த நம் பயிர்

மூன்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இவர்கள் பெயரை எடுத்தால் எந்தத் தலைவாஸ் ரசிகரும் ஒரு பெருமூச்சு விடுவார்.

கே. பிரபஞ்சன். 2017இல், முதல் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூருக்குத் துணையாக நின்ற தமிழ்நாட்டு ரைடர். துறுதுறுவென்று போனஸ் எடுப்பார். அடுத்த ஆண்டே அவர் குஜராத்துக்குப் போய்விட்டார். அந்த அணி இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கடுத்த ஆண்டு பெங்கால் வாரியர்ஸ். அந்த அணி கோப்பையை வென்றது. கேப்டன் மணீந்தர் சிங் காயத்தால் இறுதிப் போட்டியில் ஆட முடியாத நிலையில், மற்ற ரைடர்களைக் கொண்டே பெங்கால் வென்றது என்பதைக் கவனியுங்கள். அங்கே இரண்டாவது, மூன்றாவது ரைடர்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் நின்ற சுகேஷ் ஹெக்டேவும் முந்தைய ஆண்டு தலைவாஸில் இருந்தவர்தான்.

வி. அஜித் குமார். ஏழாவது சீசனில் தலைவாஸ் கடைசி இடத்தில் தவித்தபோது பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நம்பிக்கை கொடுத்த பையன். நீண்ட கால்கள், பயமில்லாத நடை. எட்டாவது சீசனில் யு மும்பாவுக்குப் போனார், முன்னணி ரைடரானார். ஒன்பதாவது சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ். அங்கே முதன்மை ரைடர் அர்ஜுன் தேஷ்வால். அந்த சீசனிலேயே அதிகமாக 296 ரைடு புள்ளி எடுத்தவர். அவர் வெளியே உட்காரும்போதெல்லாம் எழுப்பியவர்களில் அஜித் முக்கியமானவர். ஜெய்ப்பூர் சாம்பியன்.

மூன்றாவது, மேலே சொன்ன சந்திரன் ரஞ்சித்.

இரண்டாவது ரைடராகத் தமிழ்நாட்டுப் பையன்கள் ஊர் ஊராகப் போய் மற்ற அணிகளின் நாயகர்களை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் அந்த நாற்காலி காலி. 2025 ஏலத்தில் 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சம் கொடுத்து நாம் யாரை வாங்கினோம்? அதே அர்ஜுன் தேஷ்வாலை. ஜெய்ப்பூரின் வெற்றியில் பாதியை மட்டும் வாங்கி வந்தோம்.

எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் வலி தெரியாது. 2023 டிசம்பருக்குப் போவோம். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வட சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டிருந்தது. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் ஏறியிருந்தது. பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. அந்த டிசம்பர் 22ஆம் தேதி, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கபடி லீக் சென்னைக்குத் திரும்பியது. சேறு காயாத வீடுகளிலிருந்து கிளம்பி வந்தார்கள். கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி அரங்குக்கு நடந்தே போய்விடலாம். மஞ்சள் பனியனும் மேளமுமாகப் பெட்டி பெட்டியாகப் போனார்கள்.

முதல் ஆட்டம் பாட்னாவிடம் தோல்வி. அடுத்தது ஜெய்ப்பூரிடம் ஒரே புள்ளியில் தோல்வி. அப்புறம் ஹரியானா, கடைசியில் குஜராத். சொந்த ஊரில் ஆடிய நான்கில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. கடைசி நாள் இரவு திரும்பும் ரயிலில் நானும் இருந்தேன். திருவொற்றியூர் வரை யாரும் பேசவில்லை. அத்திப்பட்டு தாண்டும்போது ஒரு பையன், பத்து வயதுகூட இருக்காது, அப்பாவிடம் கேட்டான்: “நம்ம டீம்ல ஏன்ப்பா யாருமே திரும்பி வரல?” ரைடு போய்த் திரும்பாதவர்களைத்தான் கேட்டான். அந்த அப்பா அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை.

அந்த சீசன் ஒன்பதாவது இடத்தில் முடிந்தது. அதே சீசனில் கோப்பையை வென்ற புனேரி பல்டனைப் பாருங்கள். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே. மூன்று பேருமே ஏலத்தில் கோடிகளுக்கு வாங்கப்பட்டவர்கள் அல்ல. இளைஞர் அணியில் வளர்த்து, ஒன்றாக ஆடவிட்டு, ஒருவர் வெளியே போனால் அடுத்தவர் எழுப்புவது என்று பழக்கியிருந்தார்கள். நாம் அடுத்த ஆண்டு என்ன செய்தோம்? சென்னையில் நம்மை முதல் நாளே தோற்கடித்த பாட்னாவின் ரைடர் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கினோம். 2024இன் அந்தப் பதினொன்றாவது சீசனும் ஒன்பதாவது இடம்தான்.

2025இல் மறுபடி பவன். 59 லட்சத்து 50 ஆயிரம். கூடவே அர்ஜுன். இந்த முறை இரண்டு சிங்கங்கள் என்று கொண்டாடினோம். ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினத்தில் முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை வென்றதும் டீக்கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்களாம். சில வாரங்களில் ஒழுங்கு நடவடிக்கை என்று அறிவித்து நிர்வாகம் பவனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் அந்த அறையில் இருக்கவில்லை. களத்தில் என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்தோம். அர்ஜுன் தனியாக நின்றார். அவர் வெளியே உட்கார்ந்தபோது எழுப்ப ஆள் இல்லை. 12 அணிகளில் முதல் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. நாம் போகவில்லை.

மண்ணிலிருந்து மேட்டுக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் கபடிக்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடி. நாலு மூங்கிலில் ஃபோகஸ் லைட் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, விடிய விடிய நடக்கும். மாநிலம் முழுக்கவே அப்படித்தான். மாவட்ட அளவில் முதலமைச்சர் கோப்பையிலும் கபடி உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வென்று திரும்பியபோது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அதே மாதம் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’ படம் வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த ரைடர் அவர்.

கணேசனைப் பற்றி சினிமா பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர் காலத்தில் கிராமத்துப் பையன் ஒருவன் இந்திய அணிக்குப் போன பாதையில் நிறுவன அணிகள் படிக்கட்டாக இருந்தன. அவர் சன் பேப்பர் மில்லுக்கு ஆடினார், பின்னர் மின்வாரியத்துக்கு ஆடினார். மாதச் சம்பளம் வந்தது, பயிற்சிக்கு நேரம் கிடைத்தது, போட்டிக்கு விடுப்பு கிடைத்தது. ரயில்வே, போலீஸ், வங்கி என்று எத்தனையோ பேரை அந்த முறை தூக்கிவிட்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் திருவள்ளூர் பக்கத்து காக்களூரிலும் எத்தனை ஆலைகள்! நான் பேசிய பையன்களில் ஒருவருடைய ஆலையிலும் கபடி அணி இல்லை. பெரும்பாலானோர் கான்ட்ராக்ட். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மூன்று நாள் போட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். உடம்பு எந்த நேரத்தில் தூங்க வேண்டும் என்று அதற்கே தெரியாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி லீகின் வாசல்வரை போவான்?

இன்னொன்று மேட். மண்ணில் ஆடிப் பழகிய கால் வேறு. வெறுங்காலில் விரலை ஊன்றி, வழுக்கினால் வழுக்கும் போக்கிலேயே தப்பி வருவது மண் ஆட்டம். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் திரும்பலாம், ஆனால் தவறான கோணத்தில் திரும்பினால் முழங்கால் போய்விடும். நடுக்கோட்டிலிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் பாக் லைன், அதைத் தாண்டி ஒரு மீட்டரில் போனஸ் லைன். ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, இன்னொரு காலைக் காற்றில் வைத்துக்கொண்டு திரும்பும் போனஸ் வித்தையை மண்ணில் கற்க முடியாது. அதற்கு மேட் வேண்டும், தினமும் வேண்டும். மேட் இருக்கும் இடத்துக்கு எங்கள் பையன்கள் பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது.

தலைவாஸில் தமிழ்ப் பையன்களே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டீக்கடையிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நரேந்தர் ஹரியானாக்காரர். அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் அவர்கள் குரல் குழைகிறது. கேப்டன் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். இரண்டாவது, மூன்றாவது ரைடரை வளர்த்தெடுக்க ஐந்து ஆண்டுத் திட்டம் வேண்டும். அதற்கான பையன்கள் ரயில் ஏறும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு நாயகனின் ஏலத் தொகையில் எத்தனை மேட் வாங்கலாம், எத்தனை பையன்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆலையிலிருந்து வெளியே கொண்டுவரலாம் என்று நிர்வாகம் ஒரு முறையாவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கிரேன் ஆபரேட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். எளாவூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய மைதானம், மண்தான். ஏ ஷிஃப்ட் முடித்து வந்தவர்களும் பள்ளிக்கூடப் பையன்களுமாகப் பதினைந்து பேர். அந்த ஊர் அணியின் பெரிய ரைடர், நல்ல வாட்டசாட்டமான இளைஞர், ஆட்டம் தொடங்கும் முன்பே கோட்டோரம் போய் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்.

“நீ அவுட்டு. ஒக்காரு.”

“அண்ணே, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!”

“அதான் சொல்றேன். அவுட்டு.”

பிறகு ஒல்லியான ஒரு பையனைக் கூப்பிட்டார். ஐ.டி.ஐ. படிக்கிறவன். “டேய், உங்க அண்ணன் வெளிய கெடக்கறான். போய் உள்ள கூட்டிக்கினு வா.”

அவன் முதல் ரைடில் கோட்டோரமே நடந்துவிட்டுத் திரும்பினான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது முறை நடுக்கோட்டை மிதித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இடது மூலையைப் பார்த்துக்கொண்டே போனவன் சட்டென்று வலப்பக்கம் குனிந்து, நின்றவன் முட்டியை விரல் நுனியால் தொட்டுவிட்டு, இரண்டு பேர் முதுகில் விழுவதற்குள் ஊர்ந்து கோட்டின் மேல் கையை நீட்டிவிட்டான். வெளியே உட்கார்ந்திருந்தவர் எழுந்து, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.